போர்க்காலச் செய்திப் படத்தில் இருப்பது யார்? புதிதாகத் தேடத் தொடங்குபவர்களுக்கு

1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் எடுத்த ஒரு படம் உண்டு. காவலர்கள் ஓர் ஆளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டைச் சுட்ட கவ்ரிலோ பிரின்சிப் கைதாகும் காட்சி என்ற குறிப்போடு பல பத்தாண்டுகள் அது புத்தகங்களில் வந்துகொண்டிருந்தது. அதில் இருப்பவர் பிரின்சிப் இல்லை, பக்கத்தில் நின்றதால் மாட்டிக்கொண்ட ஃபெர்டினாண்ட் பேர் என்பவர் என்றுதான் வரலாற்றாசிரியர்கள் பலர் இன்று கருதுகிறார்கள்.

நாள் சரி, ஊர் சரி, கைது நடந்ததும் சரி. ஆள் மட்டும் மாறிவிட்டார். பழைய செய்திப் படங்களில் அடிக்கடி நடப்பது இதுதான். கதைக்குப் பொருந்தும் பெயரைக் கண் தானாகவே முகத்தின் மேல் ஒட்டிவிடும். அதனால் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, முகத்தைக் கடைசியில் பாருங்கள் என்பதுதான். கீழே உள்ள வரிசை அதை வைத்தே அமைந்தது.

முதலில் நல்ல பிரதி

சுற்றுக்கு வரும் சிறிய படத்தை வைத்துக்கொண்டு எதையும் தொடங்காதீர்கள். யாரோ ஓரங்களை வெட்டியிருப்பார்கள், நிறம் ஏற்றியிருப்பார்கள், கூர்மைப்படுத்தியிருப்பார்கள். மூலம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கே கிடைக்கும் மிகப்பெரிய கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் லென்ஸ், டின்ஐ, யாண்டெக்ஸ் மூன்றிலும் படத்தைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் ஏதாவது ஒரு காப்பகத்தில் போய் நிற்கும்.

முதல் உலகப் போர்க் காலத்துக்கு, வாஷிங்டனில் உள்ள அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் பெயின் செய்தி நிறுவனத் தொகுப்பு நல்ல பள்ளிக்கூடம். ஏறத்தாழ 40,000 கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்கள் அதில் உள்ளன. பலவற்றில் குறிப்பு நெகட்டிவின் மேலேயே கையால் எழுதப்பட்டிருக்கும். நூலகம் அதை அப்படியே தலைப்பாக ஏற்றியிருக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் பிழையோடுதான் இருக்கும். 2008 முதல் இந்தப் படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு ஃபிளிக்கரில் வைத்து, பெயர்களையும் நாட்களையும் திருத்துவதற்கு நூலகம் உதவி கேட்டுவருகிறது. வந்த திருத்தங்களைச் சரிபார்த்துப் பதிவேட்டிலும் சேர்க்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம், அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம், ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் என்று பல இடங்கள் உண்டு. படத்தின் ஓரத்தில் எஸ்.சி. என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் இருந்தால் அது அமெரிக்கத் தரைப்படையின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல் கோர் எடுத்தது. 80-ஜி என்று தொடங்கினால் அமெரிக்கக் கடற்படைத் தொகுப்பு. அந்த எண் கிடைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அப்புறம், எண்ணின் அக்கம்பக்கத்தையும் பாருங்கள். 3,412 உங்கள் படம் என்றால் 3,410, 3,411, 3,413 ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். அதே மேடை, அதே தோரணம், அதே ஆட்கள் வேறு கோணத்தில் இருக்கலாம். உங்கள் படத்தில் முதுகு மட்டும் தெரிகிறவர் அடுத்த தகட்டில் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் தகட்டில் பெயரும் இருக்கும். புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

பின்பக்கத்தைப் படியுங்கள்

அச்சிட்ட படமாக இருந்தால் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகம் பேசும். தட்டச்சு செய்து ஒட்டிய குறிப்புத் தாள், நிறுவனத்தின் முத்திரை, தணிக்கை அதிகாரி அனுமதித்த முத்திரை, பத்திரிகை அலுவலகத்தில் குத்திய தேதி எல்லாம் அங்கேதான். அசோசியேட்டட் பிரஸ், அக்மே, இன்டர்நேஷனல் நியூஸ், கீஸ்டோன் போன்ற நிறுவனப் பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும்.

தேதி முத்திரையில் கவனம் தேவை. அது படம் அலுவலகத்துக்கு வந்த நாளாகவோ, அச்சான நாளாகவோதான் பெரும்பாலும் இருக்கும். ஒரு தளபதியின் படத்தை 1940-இல் எடுத்து, அவர் இறந்தபோது 1944-இல் மறுபடி அச்சிட்டிருப்பார்கள். பின்னால் இரண்டு மூன்று தேதிகள் இருந்தால் மிகப் பழையதை எடுத்துக்கொண்டு, படம் எடுத்தது அந்த நாளிலோ அதற்கு முன்போ என்று மட்டும் எழுதுங்கள். எடுத்த நாள் என்று எழுத வேண்டாம்.

தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்பிய படமாக இருந்தால் குறிப்பு படத்தின் கீழே, படத்தோடு சேர்ந்தே பதிவாகியிருக்கும். உற்றுப் பார்த்தால் மெல்லிய கோடுகளும் தெரியும். அசோசியேட்டட் பிரஸ் இந்தச் சேவையைத் தொடங்கியது 1935 ஜனவரி 1 அன்று. அதற்கு முந்தைய தேதி போட்ட அவர்களுடைய வயர்ஃபோட்டோ (கம்பிவழிப் படம்) என்று எதாவது கிடைத்தால் தேதியைச் சந்தேகப்படுங்கள்.

முன்பக்கத்தில் சாம்பல் நிறப் பூச்சு, மழுங்கிய விளிம்பு, சுரண்டிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அச்சில் எடுப்பாகத் தெரிவதற்காகப் பின்னணியை வண்ணத்தால் மறைப்பது அன்றாட வேலை. ரேடார் கம்பி, படைப்பிரிவின் சின்னம் போன்றவற்றைத் தணிக்கையில் அழித்ததும் உண்டு. பெர்லினில் ரைக்ஸ்டாக் நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் சோவியத் கொடி ஏறும் படத்தை யெவ்கெனி கல்தேய் 1945 மே 2 அன்று எடுத்தார். கொடி ஏற்றுபவரைத் தாங்கிப் பிடித்திருந்தவரின் இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம் போல ஒன்று தெரிந்தது. கொள்ளைப் பொருள் என்று தோன்றிவிடக்கூடாது என்று ஒன்றைச் சுரண்டி எடுத்தார்கள். பின்னணியில் புகையையும் கூட்டினார்கள். இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்தால் அந்த மணிக்கட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

குறிப்பை மூடிவைத்துவிட்டுப் பாருங்கள்

இதை நான் ஒவ்வொரு படத்துக்கும் செய்கிறேன். குறிப்பை மறைத்துவிட்டு, ஒரு தாளில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுகிறேன். இடது மூலையில் தொடங்கி வலது மூலை வரை. எத்தனை பேர், யார் கையில் என்ன, தரை ஈரமா, மரத்தில் இலை இருக்கிறதா, நிழல் நீளமா. "ஜெனரல்" என்று எழுத மாட்டேன். "தோள்பட்டையில் மூன்று நட்சத்திரம் உள்ளவர்" என்று எழுதுவேன். முடித்த பிறகுதான் குறிப்பைத் திறப்பேன். அது சொல்வதைப் பக்கத்தில் தனியாக எழுதுவேன். நான் ஊகிப்பதற்கு மூன்றாவது பத்தி. இந்த மூன்றும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

குறிப்பை எழுதியவருக்கும் ஒரு தரப்பு இருந்தது என்பதை மறக்க வேண்டாம். ஜெர்மன் ஆவணக் காப்பகம் 2008-இல் 80,000-க்கும் மேற்பட்ட படங்களைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொடுத்தபோது, பல மூலக் குறிப்புகளை மாற்றாமல் வைத்தது. அவை தவறாகவோ ஒருதலையாகவோ தீவிர அரசியல் சார்போடோ இருக்கலாம் என்ற எச்சரிக்கையையும் கூடவே சேர்த்தது. மற்ற நாட்டுப் படங்களுக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். அகழியிலிருந்து பாய்ந்து ஏறும் வீரர்கள் என்று சொல்லும் முதல் உலகப் போர்ப் படங்கள் பல, பின்வரிசைப் பயிற்சிக் களத்தில் எடுத்தவை. துப்பாக்கியின் சுடும் பொறிமேல் துணி உறை அப்படியே கட்டியிருந்தால் அது உண்மையான தாக்குதலாக இருக்க வாய்ப்பில்லை.

இடம் வலம் மாறியிருக்கிறதா

நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிடுவது சர்வசாதாரணம். எழுத்து இருந்தால் உடனே தெரிந்துவிடும். இல்லாவிட்டால் உடையைப் பாருங்கள். ஆண்கள் மேலங்கியில் இடப்பக்கத் துணி மேலே வந்து வலப்பக்கம் பொத்தான் இருக்கும். பதக்கங்கள் இடது மார்பில். ஜெர்மன் தரைப்படைச் சீருடையில் கழுகுச் சின்னம் வலது மார்பில் இருக்கும். நாஜிக் கட்சியின் படையான எஸ்.எஸ். பிரிவினருக்கு அது இடது கையின் மேல்பகுதியில். ஒரே ஒரு அடையாளத்தை நம்பாமல் இரண்டு மூன்று ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

காலத்தைக் குறுக்குங்கள்

நேரடியாக ஒரு தேதியைத் தேடாதீர்கள். "இதற்கு முன்பு இருக்க முடியாது", "இதற்குப் பின்பு இருக்க முடியாது" என்று இரு பக்கமும் வேலி போடுங்கள்.

ஹெல்மெட் நல்ல வேலி. பிரெஞ்சுக்காரர்களின் ஏட்ரியன் ஹெல்மெட்டும் பிரிட்டிஷ் படையின் தட்டு போன்ற பிராடி ஹெல்மெட்டும் 1915-இல் வந்தவை. காதுவரை இறங்கும் ஜெர்மன் எஃகு ஹெல்மெட் 1916-இல் வந்தது. ஆகவே 1914 என்று குறித்த படத்தில் இவற்றில் ஒன்று இருந்தால் ஆண்டு தவறு. அமெரிக்க வீரர்கள் 1941 வரை பிரிட்டிஷ் வகையைப் போன்ற தட்டையான ஹெல்மெட்டைத்தான் வைத்திருந்தார்கள். பிறகுதான் ஆழமான எம்1.

அமெரிக்க விமானம் தெரிந்தால் அதிர்ஷ்டம். நட்சத்திரத்தின் நடுவே சிவப்பு வட்டம் இருந்தால் 1942 மே மாதத்துக்கு முன்பு. ஜப்பானியச் சூரியச் சின்னத்தோடு குழப்பம் வந்ததால் அதை எடுத்துவிட்டார்கள். நட்சத்திரத்தின் இரு பக்கமும் வெள்ளைப் பட்டை இருந்தால் 1943 நடுப்பகுதிக்குப் பின்பு. பெயர் பெற்ற தளபதிகளின் பதவி உயர்வு நாட்களும் இப்படியே உதவும். அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவருக்கு நான்காவது நட்சத்திரம் 1943 பிப்ரவரியில், ஐந்தாவது 1944 டிசம்பர் 20 அன்று. அவர் தோளில் நான்கு நட்சத்திரம் தெளிவாகத் தெரிகிறது என்றால் நடுவில் இரண்டு ஆண்டுகூட இல்லை.

அமெரிக்கக் கொடியின் நட்சத்திரங்களை எண்ணுவதில் நேரம் போக்க வேண்டாம். 1912 முதல் 1959 வரை 48 தான்.

நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்துத் தகடுகள் பெரும்பாலும் சிவப்பை உணராதவை. சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் பதியும். நீலக் கண் உள்ளவருக்குக் கருவிழியே இல்லாதது போலத் தோன்றும். பிரெஞ்சுக் கொடியில் நீலப் பட்டை வெள்ளையோடு கலந்துவிடும். பதக்க ரிப்பன்களை இப்படிப்பட்ட படத்தில் நிறத்தை வைத்துப் பிரிப்பது ஆபத்து. பட்டைகளின் எண்ணிக்கையையும் அகலத்தையும் வைத்துப் பாருங்கள்.

இடமும் நேரமும்

கடைப் பலகை, டிராம் எண், சுவரொட்டி, வண்டி எண், யாரோ கையில் மடித்து வைத்திருக்கும் செய்தித்தாளின் தலைப்பு எல்லாவற்றையும் பெரிதாக்கிப் படியுங்கள். ஊர்ப்பெயர்கள் மாறியிருப்பதையும் நினைவில் வையுங்கள். பெட்ரோகிராட் என்று இருந்தால் அது 1914-க்கும் 1924-க்கும் இடையில் இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க். டான்சிக் இன்று க்டான்ஸ்க். லெம்பெர்க் இன்று லிவிவ்.

நிழலை வைத்து நேரம் சொல்லலாம் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு, நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு மாலுமி ஒரு பெண்ணை முத்தமிடும் படம். ஆல்ஃபிரட் ஐசன்ஸ்டாட் 1945 ஆகஸ்ட் 14 அன்று எடுத்தது. அந்த மாலுமி நான்தான், அந்தப் பெண் நான்தான் என்று பலர் சொல்லிவந்தார்கள். டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக வானியலாளர்கள் பின்னணிக் கட்டடத்தில் விழுந்திருந்த ஒரு நிழலைக் கணக்கிட்டு, படம் எடுத்தது மாலை 5:51 மணி என்று 2015-இல் வெளியிட்டார்கள். அதனால் பிற்பகல் 2 மணி வாக்கில் என்று சொன்னவர்களின் கதை இடித்தது. ஒருவர் முகத்தையும் பார்க்காமல் கிடைத்த விடை அது.

எனக்கு இந்த வேலையில் பிடிப்பு வந்தது ஒரு கப்பல் படத்தால்தான். மேல்தளத்தில் ஐந்து பேர் நிற்கிறார்கள். குறிப்பில் ஒரு குடும்பப் பெயர் மட்டும் உண்டு, தேதி இல்லை. பின்னால் கம்பியில் ஓர் உயிர்காப்பு வளையம் தொங்குகிறது. ஓர் ஆளின் தோள் அதைப் பாதி மறைக்க, கடைசியில் "டானியா" என்று ஒலிக்கும் ஐந்து ஆங்கில எழுத்துகள் மட்டும் தெரிந்தன. லூசிடானியா என்று உடனே முடிவு கட்டினேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது, அதே குனார்டு கப்பல் நிறுவனத்தின் மௌரிடானியாவும் அக்விடானியாவும் அப்படியேதான் முடிகின்றன. மறுபடி பெரிய கோப்பைத் திறந்தேன். தோளின் விளிம்பில், கடைசியிலிருந்து எண்ணினால் ஆறாவது எழுத்தின் செங்குத்துக் கோடு தெரிந்தது. அதிலிருந்து குறுக்குக் கோடு எதுவும் கிளம்பவில்லை. ஆகவே அது ஆங்கில "இ" (E) இல்லை, "ஐ" (I). மௌரிடானியா போய்விட்டது. அதற்கு முந்தைய எழுத்து "எஸ்" (S) என்றால் லூசிடானியா, "யு" (U) என்றால் அக்விடானியா. கோட்டுத் துணிக்கு மேலே ஒரு துண்டுதான் வெளியே தெரிந்தது. அது நேராக மேலே ஏறியது, மேல்முனையில் வளையவில்லை. "யு".

அக்விடானியா முதன்முதலில் பயணம் புறப்பட்டது 1914 மே 30 அன்று. ஆக, படம் அதற்கு முன்பு எடுத்ததாக இருக்க முடியாது. லூசிடானியா என்று நான் நினைத்தபடியே விட்டிருந்தால், அது மூழ்கிய 1915 மே 7-க்கு முந்தைய படம் என்று தவறான பக்கத்தில் வேலி போட்டிருப்பேன். அதன் பிறகு அக்விடானியா நியூயார்க் வந்த நாட்களின் செய்தித்தாள்களில் பயணிகள் பெயர்களைத் தேடினேன். குறிப்பில் இருந்த குடும்பப் பெயர் ஓர் எழுத்து மாறிக் கிடைத்தது.

பெயரைத் தேடும்போது

அந்த ஓர் எழுத்து மாற்றம் எப்போதும் இருக்கும் என்று வைத்துக்கொண்டே தேடுங்கள். குறிப்பு எழுதியவர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். ரஷ்ய, செர்பிய, போலந்துப் பெயர்களை நான்கைந்து விதமாக எழுதிப் பாருங்கள். செய்தித்தாள் ஸ்கேன்களில் கணினி எழுத்தைத் தப்பாக வாசித்திருப்பதும் உண்டு. அதனால் பெயரை விட்டுவிட்டு, கப்பல் பெயர், ஊர், பதவி ஆகியவற்றை வைத்தும் தேடுங்கள்.

பெண்களைப் பொறுத்தவரை கூடுதல் பொறுமை வேண்டும். அந்தக் காலக் குறிப்புகளில் மணமான பெண் கணவர் பெயரோடு "திருமதி இன்னார்" என்றுதான் வருவார். அவருடைய சொந்தப் பெயரைக் கண்டுபிடிக்கத் திருமணச் செய்தி, மரணச் செய்தி, பயணிகள் பட்டியல் எல்லாம் பார்க்க வேண்டியிருக்கும். கணவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் செவிலியர் குழுவை நடத்தியவராக இருக்கலாம், தேர்தலில் நின்றவராக இருக்கலாம். காலனி நாட்டு வீரர்களின் நிலை இன்னும் மோசம். அதிகாரிக்குப் பெயர் இருக்கும், அவர் பக்கத்தில் நிற்கும் இந்திய வீரருக்கோ செனகல் வீரருக்கோ இனப்பெயர் மட்டும்தான். அங்கே தோளில் உள்ள பித்தளை எழுத்தையும் காலர் சின்னத்தையும் படித்து, படைப்பிரிவு வரையாவது போகலாம். அதுவும் பெரிய விஷயம்.

செய்தித்தாள்களுக்குக் கட்டணமில்லாத இடங்கள் நிறைய: அமெரிக்காவுக்கு க்ரானிக்ளிங் அமெரிக்கா, ஆஸ்திரேலியாவுக்கு ட்ரோவ், நியூசிலாந்துக்குப் பேப்பர்ஸ் பாஸ்ட், பிரான்சுக்குக் காலிகா, ஆஸ்திரியாவுக்கு அன்னோ, நெதர்லாந்துக்கு டெல்ஃபர். அந்தப் படமே அச்சாகியிருந்தால் கீழே முழுக் குறிப்பும் இருக்கும். ஒரே படம் இரண்டு பத்திரிகைகளில் இரண்டு விதக் குறிப்போடு வந்திருந்தால் தேதியால் முந்தையதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முகம்

முகத்துக்கு முன்பு உடையிலும் சுமையிலும் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏன் என்பதற்கு ஜப்பானின் ஐவோ ஜிமா தீவில் எடுத்த படம் போதும். 1945 பிப்ரவரி 23 அன்று அங்கே சுரிபாச்சி மலையில் அமெரிக்க வீரர்கள் ஆறு பேர் கொடி நடுவதை அசோசியேட்டட் பிரஸ்ஸின் ஜோ ரோசந்தால் எடுத்தார். உலகமே பார்த்த படம். அதிலேயே மூன்று பெயர்கள் தவறாக இருந்தன. 1947-இல் ஹேன்சனுக்குப் பதில் பிளாக் என்று திருத்தினார்கள். 2016-இல் ஜான் பிராட்லிக்குப் பதில் ஹெரால்டு ஷுல்ட்ஸ். 2019-இல் ரெனே காக்னனுக்குப் பதில் ஹெரால்டு கெல்லர்.

இரண்டாவது திருத்தத்தைத் தொடங்கிவைத்தவர்கள் வரலாற்றில் ஆர்வம் கொண்ட இரண்டு சாதாரண மனிதர்கள். ஒருவர் அமெரிக்காவின் ஒமாஹாவில், இன்னொருவர் அயர்லாந்தில். அவர்கள் பார்த்தது கால்சட்டையின் மடிப்பை. அன்று எடுத்த மற்றப் படங்களில் பிராட்லி கால்சட்டையின் அடியை மடித்துவிட்டிருக்கிறார், கொடி நடுபவருக்கு மடிப்பு இல்லை. பிராட்லி மருத்துவப் பணியாளர், இவர் இடுப்பிலோ தோட்டாப் பட்டை. ஷுல்ட்ஸை அடையாளம் காட்டியதில் அவர் ஹெல்மெட்டிலிருந்து தொங்கிய அறுந்த வாருக்குப் பங்கு உண்டு. கெல்லர் விஷயத்தில் விரலில் இருந்த திருமண மோதிரம் உதவியது. ஷுல்ட்ஸ் 1995-இல் இறந்தார். அதுவரை இதை வெளியே சொன்னதில்லை, வீட்டில் ஒரு தடவை பேச்சுவாக்கில் சொன்னதோடு சரி.

சரி, முகத்துக்கு வருவோம். மீசை, தலைமுடி, எடை எல்லாம் மாறும். காதின் வடிவம் அவ்வளவாக மாறாது. காதின் கீழ்மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா, தனியாகத் தொங்குகிறதா, மேல்வளைவு எப்படி என்று பாருங்கள். அதே கோணத்தில், ஏறத்தாழ அதே வயதில் எடுத்த, பெயர் உறுதியான வேறு படத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ஒற்றுமையைத் தேடுவதற்கு முன் வேறுபாட்டைத் தேடுங்கள். பொருந்தாத ஒரு காது, பொருந்தும் பத்து அம்சங்களைத் தள்ளிவிடும்.

மங்கலான முகத்தைச் செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கித் தரும் செயலிகளை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவை இல்லாத கண்ணையும் பல்லையும் தாமாக வரைந்து தருகின்றன. அந்த முகம் யாருடையதும் இல்லை. முகப் பொருத்தக் கருவிகள் தரும் பெயரையும் விசாரிக்க வேண்டிய ஒரு பெயராக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதி அனுப்புங்கள்

முடிவை மூன்று நிலையில் ஒன்றாக எழுதுங்கள்: உறுதி, பெரும்பாலும், இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் எது என்பதைச் சேர்த்து எழுதுங்கள். பத்திரிகைப் பெயர், நாள், பக்க எண், படத்தில் எந்த மூலை. ஒப்பிட்ட படத்தின் காப்பக எண்ணையும் கொடுங்கள். "பார்த்தாலே தெரிகிறது" என்று மட்டும் எழுதினால் காப்பகத்தில் இருப்பவரால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. உங்கள் முடிவுக்கு எதிராக ஏதாவது கிடைத்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

படத்தில் இருப்பவர் கைதியாகவோ காயப்பட்டவராகவோ இறந்தவராகவோ இருந்தால், பெயரைப் பொதுவெளியில் போடும் முன் காப்பகத்துக்கு மட்டும் எழுதுங்கள். குடும்பத்தார் எங்கோ இருப்பார்கள். அந்தப் படத்தை அவர்கள் முதன்முறையாகப் பார்க்கப்போவது உங்கள் பதிவாக இருந்துவிடக் கூடாது.

பதில் வர மாதங்கள் ஆகலாம். அதுவரை மூன்று பத்தித் தாளைக் கோப்பின் எண்ணோடு பத்திரமாக வைத்திருங்கள். ஏன் அந்தப் பெயரை முடிவு செய்தீர்கள் என்று அவர்கள் திரும்பக் கேட்கும்போது கையில் இருக்க வேண்டியது அதுதான்.